வலது மூலையில் ஓர் எண்

ஸ்ரீரங்கத்துப் பெருமாளை என் அக்கா வீட்டுக்காரர் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் அவர் சாமி இல்லை என்று சொல்கிறவர் அல்ல. புரட்டாசி சனிக்கிழமைகளில் நெற்றியில் நாமம் இட்டுக்கொள்வார். வரிசையில் நிற்பார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்வார், தீர்த்தம் வாங்கிக்கொள்வார், சடாரிக்குத் தலை குனிவார். ஆனால் பெருமாளைப் பார்த்ததில்லை.

ஒருமுறை அக்கா, அவர், நான் மூன்று பேரும் கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தோம். வரிசையில் நின்றதிலிருந்து அவர் கண் பக்கத்து வரிசையிலேயே இருந்தது.

“அந்த லைன் வேகமாப் போகுது. மஞ்சப் புடவைக்காரம்மா நமக்குப் பின்னாடிதான் வந்தாங்க. இப்பப் பாரு, எங்க நிக்கிறாங்கன்னு.”

“நின்னுட்டுப் போறாங்க. அவங்களுக்கு முன்னாடி பெருமாள் எந்திரிச்சா போயிடப் போறாரு?” என்றாள் அக்கா.

சந்நிதிக்குள் நுழைந்ததும் நாங்கள் இருவரும் எம்பி எம்பிப் பார்த்தோம். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பட்டர் “நகருங்கோ, நகருங்கோ” என்றதும் சமர்த்தாக நகர்ந்தார். வெளியே பிராகாரத்துக்கு வந்தபோது அவர் முகமெல்லாம் மலர்ச்சி.

“போன தடவையவிட ரெண்டு செகண்டு கூட நின்னிருக்கோம். அதுவும் இவ்வளவு கூட்டத்துல!”

“அது சரி. திருமுகத்தப் பாத்தீங்களா?”

“எங்கம்மா பாக்குறது? வாட்ச்சப் பாத்துக்கிட்டு இருந்தேன்ல.”

பெயரைச் சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வாள். மாமா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். அங்கே செய்கிற இரும்பு உருப்படிகளை அளந்து பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது வேலை. அந்த இரும்பு எங்கே போகிறது, எந்த இயந்திரத்தில் உட்காருகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். “அது வேற டிபார்ட்மெண்ட்டும்மா” என்றார்.

வேலை நேரம் முடிந்தாலும் அளப்பதை நிறுத்த அவரால் முடியாது. பைக் எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது என்று சோதிக்கும் வாரங்களில் அக்காவைப் பின்சீட்டில் ஏற்ற மாட்டார், கணக்கு கெட்டுவிடுமாம். அவர் முன்னால் பைக்கில் போவார், அக்கா பின்னால் டவுன் பஸ்ஸில் வருவாள். உறையூரில் ஒரு கல்யாணத்துக்கு இப்படித் தனித்தனியாகப் போய் இறங்கியதில், இருவருக்கும் சண்டை என்று ஊரே பேசியது. மைலேஜ் மட்டும் நன்றாக வந்திருந்தது.

அவருடைய உயிர் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெட்டி, உள்ளே ஊதா விளக்கு. கேம் ஆடுவதற்காக வாங்கியது என்று சொல்வார். அவர் கேம் ஆடி நான் பார்த்ததில்லை. கேம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். இரண்டும் வேறு என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆனது.

திரையின் வலது மேல் மூலையில் பச்சை நிறத்தில் ஓர் எண் ஓடும். ஒரு நொடிக்கு எத்தனை படங்களை அந்தப் பெட்டி வரைந்து தள்ளுகிறது என்பதற்கான கணக்கு. எண் கூடினால் காட்சி தண்ணீர்போல ஓடும், குறைந்தால் இழுக்கும். மாமாவுக்குத் திரை என்பது அந்த மூலைதான். மற்ற இடமெல்லாம் அந்த எண்ணைத் தாங்கிப் பிடிக்கிற சுவர்.

சோதனைக்கென்றே ஒரு கேம் வைத்திருந்தார். அதில் ஒரு சின்னப் படகு உண்டு. துறைமுகத்திலிருந்து கிளம்பி, தீவு தீவாகப் போய், அணைந்து கிடக்கும் கலங்கரை விளக்குகளை ஏற்ற வேண்டும். அதில் வரும் கடலை வரைவதற்குள் எந்தக் கம்ப்யூட்டருக்கும் மூச்சு வாங்கிவிடுமாம், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் கேமைத் திறப்பார். படகு துறைமுகத்தில் நிற்கும். கரையில் மீன் சந்தை, கூடை தூக்கும் பெண்கள், மேலே கடற்பறவைகள். மாமா படகை இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றுவார். எண்ணைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். மூடிவிட்டு ஏதாவது ஒரு செட்டிங்கை மாற்றி மறுபடி திறப்பார். ஒரு வருடமாக அந்தப் படகு துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியதே இல்லை.

எண் நாற்பதைத் தாண்டவில்லை என்பது அவருக்குப் பெரிய மனக்குறை. காரணம் எதிரிலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது ப்ராசஸர், படம் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. அவரிடம் இருந்த கார்டு கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அந்த வீட்டில் அக்காவைவிட சீனியர். அதை யாரும் குறை சொல்லக் கூடாது.

“கார்டு சிங்கம்மா. அதுக்கு இரை போட ஆள் இல்ல. ப்ராசஸர் ஸ்லோ. அதான் படுத்துக் கெடக்கு” என்பார்.

ஒரு தீபாவளி போனஸ் வந்ததும் தில்லைநகரில் இருந்த கடைக்குப் போனார். அக்காவும் நானும் கூடப் போயிருந்தோம், திரும்பும்போது அவளுக்குச் செருப்பு வாங்குவதாக ஏற்பாடு. கடைக்காரர் முதலில் “கார்டுதான் சார் கொஞ்சம் பழசா இருக்கு” என்று இழுத்தார். மாமாவின் முகம் சுருங்கியதும், “ஆனா இந்த ப்ராசஸரப் போட்டீங்கன்னாலே பின்னிடும் சார்” என்று வாக்கியத்தை முடித்தார். நல்ல வியாபாரி. இருந்ததிலேயே வேகமான ப்ராசஸர், அது உட்கார ஒரு புது போர்டு, அதற்குத் தோதாகப் புது மெமரி எல்லாம் வீட்டுக்கு வந்தன. செருப்பு வரவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் மாட்டி, சூடம் காட்டி, கேமைத் திறந்தார். துறைமுகம் வந்தது. படகு ஒரு சுற்றுச் சுற்றியது. எண் நாற்பதில் நின்றது.

பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். நாற்பது.

“சிங்கம் சாப்பிட்டுட்டுத் தூங்குதோ என்னமோ” என்றாள் அக்கா, காபியை வைத்துவிட்டு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் விசாரணை. குற்றவாளி யாராகவும் இருக்கலாம், கார்டு மட்டும் இல்லை. முதலில் வோல்டேஜ் மாட்டியது, ஒரு ஸ்டெபிலைசர் வந்தது. பிறகு தூசு. பிறகு மிக்ஸி. அக்கா மிக்ஸி போடும்போது எண் இரண்டு குறைவதாகக் கண்டுபிடித்து, சோதனை நேரத்தில் சட்னி அரைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் இட்லிக்குப் பொடிதான். கடைசியில் வெயில் மாட்டியது. திருச்சியில் வெயிலைக் குற்றம் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் இருந்த ஒரே மேஜை ஃபேன் பெட்டியின் வாயைப் பார்த்துத் திரும்பியது. அதுவும் போதாமல், படுக்கையறையில் ஏசி இருந்ததால் கம்ப்யூட்டரை மேஜையோடு அங்கே தூக்கிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா உண்டாகியிருந்தாள். அதற்கு முன்பு ஒன்று தங்கவில்லை. இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், படுத்தே இருக்க வேண்டும், சாப்பாடும் பாத்ரூமும் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று. அக்கா ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், அதை விட்டாள். அம்மாவால் எங்கள் ஊர் உப்பிலியபுரத்தில் மாடுகளையும் அப்பாவையும் விட்டுவிட்டு வர முடியாது. திருச்சியில் படித்துக்கொண்டிருந்த நான் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தேன்.

படம் எப்படி முடியும் என்று முன்கூட்டியே சொல்கிற ஆள் நான். இதையும் சொல்லிவிடுகிறேன்: குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கணக்கு வரவே வராது. ஆகவே பயப்படாமல் மேலே படிக்கலாம். எங்களுக்குத்தான் அப்போது அது தெரியாது.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த அக்காவுக்கு நேர் எதிரே அந்தத் திரை இருந்தது. மாமா தினமும் வந்து துறைமுகத்தைத் திறப்பார், அவள் பார்த்துக்கொண்டே கிடப்பாள். ஒரு நாள் கேட்டாள்.

“ஏங்க, முன்னாடி ஹால்ல இருந்தப்ப படகு திரும்பையில தூக்கித் தூக்கிப் போடும்ல. இப்ப வழுக்கிக்கிட்டுப் போகுதே.”

“எங்க? நம்பர் அதேதாம்மா.”

“நம்பர விடுங்க. அந்தச் சந்தைப் பக்கம் வர்றப்ப திக்குமே, இப்ப திக்கல.”

அவள் சொன்னது உண்மை. புது ப்ராசஸரால் கிடைத்த ஒரே லாபம் அதுதான். கூட்டம் இருந்த இடங்களில் திக்குவது நின்றிருந்தது. போனஸைக் கொடுத்து வாங்கிய அந்த லாபத்தை வாங்கியவர் தவிர வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டோம். மாமா மூலையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, “மனப்பிராந்திம்மா” என்றார்.

“அந்த மலைக்குப் பின்னாடி என்ன இருக்கு?” என்றாள் அக்கா.

“எந்த மலை?”

“அதோ, அந்தத் தீவுல.”

“தெரியலையே.”

“போய்ப் பாக்க வேண்டியதுதானே?”

“அங்க போனா நம்பர் மாறிடும். ஒரே எடத்துல வச்சுப் பாத்தாத்தான் டெஸ்ட்டு.”

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அக்கா என்னிடம் கேம் ஓட்டும் கன்ட்ரோலரை எடுத்துத் தரச் சொன்னாள். இரண்டு கையாலும் வயிற்றுக்கு மேலே பிடித்துக்கொண்டாள். அதுவரை கேம் எதையும் தொட்டதில்லை. படகு முதலில் கரையில் முட்டியது, பாறையில் முட்டியது, பிறகு ஒரு மாதிரி நேராகி வெளியே போனது. மலைக்குப் பின்னால் ஒரு சின்ன ஊர் இருந்தது. ஆடுகள் மேய்ந்தன. மேட்டில் இருந்த கலங்கரை விளக்கை அக்கா ஏற்றியதும் அந்தப் பக்கத்துக் கடல் மொத்தமும் பொன்னிறமாக மாறியது.

“பாருடி” என்றாள். நான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அவள் குரல் அப்படி ஏறிக் கேட்டதில்லை.

மாமாவுக்கு அது விபத்து. சாயந்தரம் கேமைத் திறந்தால் படகைத் துறைமுகத்தில் காணோம்.

“யாரு எடுத்தா? ஒரு வருஷத்து டெஸ்ட்டு! இனிமே எதோட எத ஒப்பிடுறது?”

“வெளக்கு ஏத்தியிருக்கேங்க. மூணு தீவு” என்றாள் அக்கா.

திட்டவும் முடியவில்லை, அவளுக்கு பிரஷர் ஏறக் கூடாது. தனக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கு என்று கேமைப் பிரித்துக் கொடுத்தார். அவர் படகு துறைமுகத்திலேயே நிற்கும், அவள் படகு ஊர் சுற்றும். கொஞ்ச நாள் அமைதி.

இதற்கிடையில் அக்காவின் பிரஷரும் அவர் அளப்பதற்குக் கிடைத்தது. மருந்துக் கடையில் ஒரு கருவி வாங்கி வந்து, எழுந்ததும், சாப்பிட்டதும், சாப்பிடுவதற்கு முன்பும் என்று அவள் கையில் பட்டையைக் கட்டினார். ஏறியிருந்தால் மறுபடி கட்டுவார். மறுபடி இன்னும் ஏறியிருக்கும். அடுத்த செக்கப்பில் டாக்டரம்மா அவர் போனில் போட்டு வைத்திருந்த கோடுகளையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உங்க மனைவிக்கு பிரஷர் இல்ல. நீங்க அந்தப் பட்டையோட கிட்ட வந்தாத்தான் ஏறுது. கருவியத் தூக்கி பீரோவுல வச்சுப் பூட்டுங்க.”

அதே நாளில்தான் ஸ்கேன் அறையில், திரையில் குழந்தையின் கை அசைவதைக் காட்டிக்கொண்டிருந்த நர்ஸிடம், “சிஸ்டர், படம் கொஞ்சம் இழுக்குற மாதிரி இருக்கே, உள்ள என்ன கார்டு?” என்று கேட்டார். அந்தம்மா ஆதார் கார்டு என்று நினைத்துக்கொண்டு, “அதெல்லாம் ரிசப்ஷன்ல குடுத்துட்டுப் போங்க” என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அந்த நாள் வந்தது. ஆபீஸிலிருந்து வந்தவர் நேராக மேஜைக்குப் போய் ஏதேதோ தட்டினார். திடீரென்று கைதட்டினார்.

“நூத்தி நாப்பது! நூத்தி நாப்பது வருதும்மா! ப்ராசஸர் இப்பத்தான் தன் வேலையக் காட்டுது!”

நாங்கள் திரையைப் பார்த்தோம். கடல் இல்லை. நீல பெயின்ட் அடித்த தரை மாதிரி ஒன்று இருந்தது. அலை இல்லை, நிழல் இல்லை, தூரத்தில் இருந்த தீவுகள் இல்லை. சந்தைப் பெண்களுக்கு முகம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. படம் வரைகிற கார்டின் தலையிலிருந்து பாரத்தையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார். வரைவதற்கு ஒன்றுமே இல்லாவிட்டால் எந்தக் கார்டும் வேகமாகத்தான் வரையும். அந்த மாற்றம் அக்காவின் கணக்கிலும் ஏறியிருந்தது.

“கடல் எங்கங்க?” என்றாள்.

“அதெல்லாம் கொறச்சிட்டேன். நம்பரப் பாரு.”

“எனக்குக் கடல் வேணும்.”

“இது கடல்தாம்மா. குவாலிட்டிதான் லோ.”

“எனக்குக் கடல் வேணுங்க.” அவள் உதடு துடித்தது. “விடிஞ்சா இந்தச் செவுரு, பொழுது போனா இந்தச் செவுரு. திரும்பிப் படுத்தாப் பயமா இருக்கு, ஏதாச்சும் ஆயிடுமோன்னு. பகல் பூரா அந்தக் கடல்லதான் இருக்கேன். அதையும் தொடச்சு வச்சுட்டு நம்பரப் பாருங்கிறீங்க.”

அவள் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை, முதல் குழந்தை போனபோதுகூட. மாமா மேஜைப் பக்கம் திரும்பி, குறைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி ஏற்றினார். அலை வந்தது, நிழல் வந்தது, தீவுகள் வந்தன. எண் விழுந்துகொண்டே வந்து பழைய நாற்பதில் நின்றது. சொத்தை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்த நம்பரயும் எடுத்துருங்களேன்” என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“அது இல்லாட்டி எப்படி ஓடுதுன்னு எப்படித் தெரியும்?”

“ஓடுறதப் பாத்தாத் தெரியாதா?”

மாமா பச்சையாக இருந்த எண்ணின் நிறத்தைச் சாம்பலாக்கி, எழுத்தைச் சிறியதாக்கிவிட்டுப் போனார். அதற்குமேல் விட்டுக்கொடுக்க அவரால் ஆகவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து குழந்தை அசையவில்லை என்றாள். இனிப்புச் சாப்பிட்டால் அசையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அசையவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன், போகும் வழியில் மாமாவுக்கு போன் போட்டேன். “வரேன்” என்று மட்டும் சொன்னார். எத்தனை மணி நேரமாக, கடைசியாக எப்போது என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

டாக்டரம்மா அக்காவின் கையில் ஊசியைக் குத்தி டிரிப் போட்டார். முதல் தடவை நரம்பு கிடைக்கவில்லை, இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. ஸ்கேன் அறைக்குள் போனோம். ஜெல்லைத் தடவிக்கொண்டிருந்தபோது மாமா உள்ளே வந்தார். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. துவாக்குடியிலிருந்து எப்படி ஓட்டிக்கொண்டு வந்தாரோ, சட்டை முழுக்கப் புழுதி.

“மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்க” என்றார் டாக்டரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் காதில் விழவில்லை. அக்காவின் கால் பக்கம் நின்று அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவி வயிற்றின்மேல் இங்கும் அங்கும் நகர்ந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, குதிரை ஓடுவதுபோல.

“இருக்கு, நல்லா இருக்கு. தூங்கியிருக்கு பிள்ள. ஹார்ட் பீட்டு...” என்று டாக்டரம்மா எண்ணைச் சொல்லத் தொடங்கினார்.

“நம்பர் வேணாம் டாக்டர்” என்றார் மாமா. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் கிணற்றில் கேட்பதுபோல இருந்தது. “நல்லா இருக்கா? அத மட்டும் சொல்லுங்க.”

“அதான் சொன்னேனே. நீங்களே பாருங்க.”

பார்த்தார். ஹெல்மெட்டின் கண்ணாடியைக்கூட மேலே தூக்கிக்கொள்ளாமல் பார்த்தார்.

இங்கேயே நிறுத்தினால் அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொள்வீர்கள். வராந்தாவுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு என் காதருகே குனிந்து, “டாக்டர் என்னமோ சொல்ல வந்தாங்களே, எவ்வளவுன்னு காதுல விழுந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

ஒரு வாரம் லீவு போட்டார். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நாள் போடவில்லை என்று அக்கா சொன்னாள். வீட்டுக்கு வந்த மறுநாள் அவள் கேமைத் திறக்கச் சொன்னாள். ஊசி குத்திய கை வீங்கிக் கறுத்துப் போயிருந்தது, கன்ட்ரோலரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு நிமிடம் முயன்று பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

“நீங்க ஓட்டுங்க. நான் பாக்குறேன்.”

மாமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். அக்காவின் படகு ஏழாவது தீவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். படகு பின்னால் போனது. இன்னொன்றை அழுத்தினார். அதே இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. அது மட்டும் அழகாக வந்தது. பிறகு ஒரேயடியாக முன்னால் பாய்ந்து பாறையில் மோதி, மூக்கு உடைந்து, மெதுவாகத் தண்ணீருக்குள் போனது.

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும்தான்.

“சிரிக்காத, அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்று அவள் தோளைப் பிடித்தார் மாமா.

“எத்தன வருஷமா இதக் கட்டிக்கிட்டு அழறீங்க? ஒரு படகு ஓட்டத் தெரியலையா உங்களுக்கு?”

மாமா கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எந்தப் பொத்தான் எதற்கு என்று முதன்முறையாகப் படிப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

“நான் எங்கயும் போனதில்லையேம்மா” என்றார்.

திரையில் படகு மறுபடி முளைத்து நின்றது. அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டு, வீங்கிய கையை அவர் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

“மெதுவா அழுத்துங்க. பாறைய விட்டு வெளிய வாங்க மொதல்ல. இப்ப எடது பக்கம். இன்னும் கொஞ்சம். நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்க.”